இருபத்துநான்கும் இருபத்தைந்தும்

புதுக்கோட்டையில் 1916-ஆம் ஆண்டு பிறந்து, நாடக மேடையினின்றும் திரையுலகம் புக்கு, 1951-இல் இளமை கழியுமுன்னரே மறைந்த பி. யு. சின்னப்பாவின் பாட்டைக் கேளாத முதியோர் இம்மாவட்டத்தில் அரியர். ‘உத்தமபுத்திரன்’ (1940), ‘கண்ணகி’ (1942), ‘ஜகதலப்பிரதாபன்’ (1944) ஆகிய படங்களில் அவர் தம் குரலிலேயே பாடி நடித்தார். இன்று இத்தகைய பழம்படங்களைக் கொட்டகையிற் காண்பார் இலர். தொலைக்காட்சியினின்றும் பதிவு செய்யப்பெற்று, கணினிக் கோப்புகளாகிக் கைமாறி வந்தவற்றையே பெரும்பாலும் காண்கின்றோம். அவற்றுட் சிலவற்றில் குரல் சற்றே ஏறி ஒலித்தலையும், அசையும் உருவங்களின் ஓரம் சீப்பின் பற்கள்போற் சிதைந்திருத்தலையும் கூர்ந்து நோக்குவோர் அறிவர். இக்குற்றங்கள் பாடினவருடையனவும் அல்ல. படம் பிடித்தவருடையனவும் அல்ல. இடைவழியில் நேர்ந்த கணக்கின் விளைவுகளே அவை. அக்கணக்கை ஈண்டு ஆராய்வோம்.

பேசும்படம் நிலைபெற்ற காலமுதல் பிலிம் சுருளில் விநாடிக்கு 24 தனிப்படங்கள் ஓடுதல் நியதியாயிற்று. தொலைக்காட்சியோ மின்சாரத்தின் துடிப்பைத் தழுவி அமைந்தது. விநாடிக்கு 50 முறை துடிக்கும் மின்சாரத்தையுடைய நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் 25 படங்கள் என்றும், 60 முறை துடிக்கும் அமெரிக்காவில் ஏறக்குறைய 30 என்றும் வகுத்தனர். 1975-இல் சென்னையில் தொடங்கிய தொலைக்காட்சி நிலையமும் 25 என்னும் கணக்கையே கொண்டது. இருபத்துநான்கை இருபத்தைந்தாக்க வழக்கமாகக் கையாண்ட வழி மிக எளிது. பிலிமைச் சற்று விரைவாக ஓட்டிவிடுவர்! அங்ஙனம் ஓட்டினால் 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்தில் முடியும். கண் அதனை அறியாது, காதோ அறியும். சுருதி அரைக்கட்டையிற் பத்தில் ஏழு பங்கு ஏறிவிடும். ஒன்றரைக் கட்டையிற் பாடியவர் இரண்டு கட்டையை நெருங்கிப் பாடியதுபோல் தோன்றுவர். சங்கீத விமரிசனம் எழுதுவோர் இத்தகைய பிரதியைக் கேட்டு ஒருவருடைய சாரீரத்தை நிறுப்பாராயின், அத்தராசு பொய்த்தராசே.

இனிச் சீப்புப் பற்களின் காரணம். விநாடிக்கு 25 படமே காட்டினால் குழாய்த்திரை கண் கூசும்படி மினுங்கும். 50 முழுப்படம் அனுப்பவோ அலைவரிசையில் இடமில்லை. ஆகவே ஒரு படத்தின் வரிகளை இரு கூறாக்கி, 1, 3, 5 என்னும் ஒற்றை வரிகளை முதலிலும், 2, 4, 6 என்னும் இரட்டை வரிகளை அடுத்தும் அனுப்பினர். ஏட்டுச்சுவடியை ஒருவர் வரிவிட்டு வரி படித்துச் சென்று, மீண்டு வந்து விட்ட வரிகளைப் படித்தல் போல்வது இது. ஒவ்வொரு கூற்றையும் அரைப்படம் என்போம். இம்முறையைப் பின்னல் முறை என்போம். உயர்தெளிவுக் காலத்திலும் இஃது ஒழிந்திலது. 1080 வரியுள்ள ஒளிபரப்பும் 540 வரி கொண்ட அரைப்படங்களாய், விநாடிக்கு 50 வீதம் வருதல் உண்டு. இக்காலத் திரைகளும் கைப்பேசிகளும் முழுப்படமே காட்டுவன. ஆதலின் பின்னலைப் பிரித்தல் இன்றியமையாததாகின்றது.

பிரிக்குமுன் வினவ வேண்டியது ஒன்றே: இப்படங்கள் பிறந்தது பிலிமிலா, வீடியோக் காமிராவிலா? கோப்பின் மேல் எழுதப்பெற்ற ‘25, பின்னல்’ என்னும் குறிப்பு இதனைச் சொல்லாது. பிலிமிலிருந்து வந்ததாயின் இரண்டு அரைப்படங்களும் ஒரே கணத்தின் கூறுகள். அவற்றைச் சேர்த்துவிட்டாற் போதும். மூலப்படம் ஒரு வரியும் குறையாமல் மீளும். பற்கள் தோன்றினால், பெரும்பாலும் ஒரு படத்தின் பிற்கூறும் அடுத்த படத்தின் முற்கூறும் தவறாக இணைந்துள்ளன என்று கொண்டு, ஓர் அரைப்படம் தள்ளிச் சேர்த்துப் பார்க்கலாம். இதனை அறியாது பிரிப்புக் கருவியை ஏவினால், அது நல்ல வரிகளை எறிந்துவிட்டுத் தன் ஊகத்தால் வேறு வரிகளை எழுதும்.

காமிராவிற் பின்னல் முறையாற் பிடித்ததாயின் நிலைமை வேறு. நம் மாவட்டத்தில் நிகழும் ஜல்லிக்கட்டை எண்ணுக. விநாடிக்கு 10 மீட்டர் பாயும் காளை, ஓர் அரைப்படத்திற்கும் அடுத்ததற்கும் இடையே 20 செண்டிமீட்டர் நகர்ந்துவிடும். அவ்விரண்டையும் சேர்த்தால் கொம்பு ஈர்வாளாகும். இங்கே ஒவ்வோர் அரைப்படத்தையும் தனியே முழுப்படமாக்கி, விநாடிக்கு 50 படம் பெறுதலே முறை. விடுபட்ட வரிகளை, அசையாத இடத்தில் அண்டை அரைப்படங்களிலிருந்தும், அசையும் இடத்தில் மேலும் கீழும் உள்ள வரிகளிலிருந்தும் நிரப்பும் ‘யாடிஃப்’ போன்ற வடிகட்டிகள், ‘எஃப்எஃப்எம்பெக்’ என்னும் இலவச மென்பொருளிலேயே உள்ளன. அரைப்படங்களின் முறைவரிசையையும் நோக்குக. உயர்தெளிவில் மேல்வரி முந்துதல் வழக்கு. பழைய டிஜிட்டல் நாடாக்களிற் கீழ்வரி முந்துவதுண்டு. மாறிவிட்டாற் காளை முன்னும் பின்னுமாகத் துடிக்கும்.

யான் செய்த பிழையொன்றையும் மறையாது கூறுகின்றேன். எங்கள் ஊர்த் தேரோட்டப் பதிவைச் சுருக்க விரும்பி, அரைப்படங்களிற் பாதியைத் தள்ளி 25 ஆக்கினேன். இடம் மிகுந்ததென்று மகிழ்ந்து மூலத்தையும் அழித்தேன். வடம் பிடித்தோர் கைகள் இன்று தத்தித் தத்தி அசைகின்றன. அவர்களுட் சிலர் இப்போது இல்லை.

25-ஐ 30 ஆக்குதல் பற்றிச் சிறிது. ஐந்து படத்துக்கு ஒன்றை இரட்டித்தால் விநாடிக்கு ஐந்து இடறல் உண்டாம். இரண்டைக் கலந்தால் ஆவியுருத் தோன்றும். இடைப்படத்தைக் கணினியே கற்பனை செய்யும் முறையும் உளது. மிருதங்க வித்துவானுடைய விரல்களில் அதனைச் சோதித்தார் அதனை எளிதில் நம்பார். கட்டாயமின்றேல் வேகத்தை மாற்றாது விடுதலே என் கருத்து.

பழம்படத்திற்கு மட்டும் மாற்றம் வேண்டும். அதுவும் மீட்டலேயன்றி மாற்றமன்று. முதலிற் பின்னலைத் தீர்த்து, அதன்பின்னரே அளவைப் பெருக்குக. முன்னரே பெருக்கினால் ஒற்றையும் இரட்டையும் கலந்துபோம். பின்பு படத்தையும் ஒலியையும் ஒருங்கே 25-இலிருந்து 24-க்குத் தாழ்த்துக. ஆனால் விரைவுபட்ட பிரதிதானா என்று முன்னரே தெளிதல் வேண்டும். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள். எனவே நிமிஷத்திற்கு 90 அடி ஓடும். வெட்டுப்படாத 900 அடிப் பகுதி ஒன்றின் நீளம் தெரியுமாயின், கோப்பில் அப்பகுதி எவ்வளவு நேரம் ஓடுகின்றது என்று கடிகாரம் கொண்டு பார்க்க. 10 நிமிஷமாயின் தொடவேண்டா. 9 நிமிஷம் 36 விநாடியாயின், அது விரைவாக ஓட்டப்பெற்ற பிரதியே.