குழாய் வேலையும் லைசென்சும்

வீட்டிலோ கடையிலோ குழாய் ஒழுகினால், "மலிவாய்ச் செய்கிறவர் யார்?" என்றுதான் நாம் முதலில் விசாரிக்கிறோம். "அவருக்கு லைசென்சு உண்டா?" என்று கேட்பவர் சிலரே. நாமும் கேட்காதவராகவே இருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் நமது கடையின் பின்கட்டில், சுவருக்குள் ஓடும் குழாயைத் தெரிந்த ஒருவரைக் கொண்டு மாற்றினோம். மூன்றே மாதத்தில் இணைப்பு விட்டுப் பத்து மூட்டை அரிசி நனைந்தது. ஆளைத் தேடினோம், அகப்படவில்லை. முறையிட ஒரு ரசீதும் நம்மிடம் இல்லை. அதன் பின்னரே சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தோம்.

சிங்கப்பூரில் குடிநீர்க் குழாய் வேலையையும் கழிவுநீர்க் குழாய் வேலையையும் லைசென்சு பெற்ற பிளம்பரோ, அவரது மேற்பார்வையில் உள்ளவரோதான் செய்ய வேண்டும். லைசென்சு கொடுப்பது 1963-ல் அமைந்த பொதுப் பயனீட்டுக் கழகம். முன்பு இவ்விரு வேலைக்கும் தனித்தனி லைசென்சு இருந்தது. 2018 முதல் இரண்டுக்கும் ஒன்றே. தொழிற்பயிற்சியும் அனுபவமும் உள்ளவருக்கே அது கிடைக்கும்.

தேய்ந்த டேப்பைக் கழற்றி அதே இடத்தில் புதியது மாட்டுவது போன்ற சில்லறை வேலைக்கு லைசென்சு தேவையில்லை. புதிதாகக் குழாய் இழுப்பது, இருக்கும் குழாயை இடம் மாற்றுவது, தண்ணீர் சேர்த்துச் சுடவைக்கும் ஹீட்டரைப் பொருத்துவது ஆகியவற்றுக்கு அவசியம் தேவை. ஹீட்டருக்கு மின்கம்பி இழுப்பதற்கு மின்சார லைசென்சு உள்ளவர் வேண்டும். ஒரு லைசென்சு மற்றொரு வேலைக்குச் செல்லாது.

இத்தனை கட்டுப்பாடு ஏன்? ஹாங்காங்கில் நடந்ததைப் பாருங்கள். 2015 ஜூலையில் அங்கே கை சிங் என்ற அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பின் குடிநீரில் காரீயம் இருப்பது தெரியவந்தது. சோதிக்கச் சோதிக்க, 11 குடியிருப்புகளில் அதே கதை. குழாய் இணைப்புகளில் காரீயம் கலந்த பற்றாசு வைத்திருந்ததே காரணம். நமது வீட்டில் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு, இது வேறு. காரீயம் கலந்த தண்ணீரில் நிறமோ மணமோ சுவையோ மாறாது. ஆனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது கெடுக்கும்.

ஹாங்காங்கிலும் லைசென்சு சட்டம் இருக்கத்தான் செய்தது. ஆயினும் வைத்த பற்றாசு என்னவென்று கிட்ட நின்று பார்த்தவர் இல்லை. மேற்பார்வை தவறியதை 2016-ல் வெளியான விசாரணை அறிக்கையும் எடுத்துச் சொல்லியது. ஆகவே லைசென்சு இருந்தால் மட்டும் போதாது. அதை உடையவர் வேலையைக் கண்ணால் பார்க்கவும் வேண்டும்.

எனவே வேலை கொடுக்குமுன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, லைசென்சைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அந்தப் பெயர் கழகத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். இரண்டாவது, அவரே வருவாரா, ஆள் அனுப்பினால் மேற்பார்வை யார் என்று கேளுங்கள். மூன்றாவது, செய்த வேலையையும் லைசென்சு எண்ணையும் குறித்து ரசீது வாங்குங்கள்.

சுவரைப் பூசி மூடியபின் உள்ளே இருப்பதை நாம் பார்க்க முடியாது. அதற்குப் பொறுப்பேற்க ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதற்கே இந்த லைசென்சு. நாம் மிச்சம் பிடித்த வெள்ளி நனைந்த அரிசியோடு போயிற்று. உங்களுக்கு அப்படி நேர வேண்டாம்.