புள்ளி மறைந்தது, மீன் ஏன் செத்தது?

கேள்வி: புதிதாக ஒரு ஜோடி கோல்டு ஃபிஷ் வாங்கித் தொட்டியில் விட்ட ஒரு வாரத்தில், ஏற்கெனவே இருந்த பெரிய மீனின் உடம்பெல்லாம் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். கடையில் கொடுத்த நீல மருந்தை ஊற்றியதும் மறைந்துவிட்டதால் நிறுத்திவிட்டோம். அடுத்த வாரம் இன்னும் அதிகமாக வந்து, மீன் மேலே மிதந்து வாயைப் பிளந்தபடியே செத்துப்போனது. போர் தண்ணீரில் சாயம் கலந்திருக்குமோ? மீதி மீன்களுக்கு, கணவர் வேலை பார்க்கும் சாயப்பட்டறையிலிருந்தே நீலச் சாயம் கொண்டுவரலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் மேல்தான் முதலில் சந்தேகம் வரும். ஆனால் கெட்ட தண்ணீர் ரவைப் புள்ளி போடாது. இது 'இக்' எனப்படும் வெண்புள்ளி நோய். புது ஜோடியோடு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

நீங்கள் பார்த்த ஒவ்வொரு புள்ளியும் தோலுக்கு அடியில் தின்று வளரும் ஓர் ஒற்றைச்செல் உயிரி. அங்கே இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்ததும் தானாகவே உதிர்ந்து, அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். புள்ளி மறைந்ததாக நீங்கள் நிம்மதியடைந்தது அந்த நேரத்தில்தான். மீனைத் தேடி நீந்தும் குஞ்சுகளை மட்டுமே மருந்து கொல்லும், அதற்குள் நிறுத்திவிட்டீர்கள். இரண்டாம் படை செவுளுக்குள் புகுந்ததால்தான் மீன் மூச்சுக்குத் தவித்தது.

சாயம் கேட்டது வேடிக்கையான கேள்வியல்ல. அந்த நீல மருந்து பெரும்பாலும் மெத்திலீன் புளூ. பிறப்பால் அது துணிச் சாயமேதான். 1876-இல் ஜெர்மனியில் உருவானது. வெண்புள்ளி ஒட்டுண்ணிக்கு ஃபூக்கே என்ற ஆய்வாளர் அறிவியல் பெயர் வைத்ததும் அதே ஆண்டு! ஆனாலும் பட்டறைச் சாயம் வேண்டவே வேண்டாம். பனியன் துணிக்குப் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அது வேறு சரக்கு. மெத்திலீன் புளூவே கிடைத்தாலும், தொழிற்சாலைத் தரத்தில் துத்தநாக உப்பு கலந்திருப்பதுண்டு. துத்தநாகம் மீனுக்கு நஞ்சு.

கோல்டு ஃபிஷ்ஷுக்கு நான் முதலில் சொல்வது கல் உப்புதான். 10 லிட்டருக்கு 20 கிராம்; ஒரேயடியாகக் கொட்டாமல், கரைத்து இரண்டு நாளில் பிரித்து ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றினால், மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பு சேருங்கள். ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் தொடருங்கள். மார்கழிக் குளிரில் ஒட்டுண்ணியின் சுற்று மெதுவாகும் என்பதால் இரண்டு வாரம். இனி வாங்கும் மீன் மூன்று வாரமாவது தனி டப்பில் இருக்கட்டும், வலையும் தனியாக. மறுபடி மருந்தே ஊற்ற நேர்ந்தால் ஃபில்டரில் உள்ள கரியை முதலில் எடுத்துவிடுங்கள்; இல்லையென்றால் மருந்தை அதுவே உறிஞ்சிவிடும்.