கடல் கடந்து ஆங்கிலங் கற்பிக்கச் செல்வோரும் சுயவிபரக்கோவையும்

ஆங்கிலங் கற்பிக்கச் செல்வோர்க்குத் தமிழாசிரியர் உரைக்கத்தக்கது யாதுளது என்று எம் பழைய மாணவருள் யாரேனும் வினவுவாராயின், அவ்வினா முறையானதே. ஆயினும், பிறநாட்டுப் பாடசாலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் நற்சான்றுப் பத்திரம் வேண்டி முதற்கண் வந்து நிற்பது, தமக்குக் கற்பித்த ஆசிரியரின் வாயிலிலேயாம். அங்ஙனம் வந்தோர் பலரின் சுயவிபரக்கோவைகளை யாம் படித்துப் பார்த்துள்ளோம். அவற்றிற் கண்ட குறைகளையும், எம்பாற் கண்ட குறையொன்றையும் இவ்விழா மலரில் எடுத்துரைப்பது பின்வருவோர்க்குப் பயன்படும் என எண்ணுகின்றோம்.

கோவை என்பது யாது?

கோத்து அமைப்பது கோவை. மணிகள் எத்துணை ஒளியுடையனவாயினும் நூலின்றேற் சிதறிப்போம். கற்ற பாடசாலை, தேறிய பரீட்சை, பெற்ற பயிற்சி, பார்த்த தொழில் என்பன மணிகள். ‘இவர் எம் பிள்ளைகளுக்கு ஆங்கிலங் கற்பிக்க வல்லரோ?’ என்று, விண்ணப்பிப்பவரை ஒருநாளும் கண்டறியாத அதிபர் ஒருவர் தம்முள் எழுப்பும் வினாவே அவற்றைக் கோக்கும் நூல். அவ்வினாவிற்கு விடையாகாத செய்தி, எத்துணைப் பெருமையுடையதாயினும், கோவையில் இடம்பெறற்பாலதன்று.

இத்தாலிய நாட்டு லியனார்டோ டா வின்சி, ஏறக்குறைய 1482 ஆம் ஆண்டில், மிலான் நகரை ஆண்ட லுடோவிக்கோ ஸ்போர்சாவை முன்னிட்டு வரைந்த மடலை இவ்வகை எழுத்தின் முன்னோடியாகக் காட்டுவர். தம்மால் இயல்வனவற்றை அதிற் பத்து உறுப்புக்களாக வகுத்துரைத்தார். பாலம் அமைத்தல், அரண் தகர்த்தல், பீரங்கி செய்தல் என்பன முன்னே நின்றன. உலகம் இன்று போற்றும் அவரது ஓவியத் திறன் ஈற்றிலேயே வந்தது. போர் சூழ்ந்த ஆட்சியாளனுக்கு வேண்டியது எது என்பதை அவர் அறிந்திருந்தார்.

யாருக்கு எழுதுகின்றோம்?

ஆகவே, விண்ணப்பிப்போர் தம்மைப் பற்றி எழுதுமுன் தம்மை அழைக்கும் பாடசாலையைப் பற்றி அறிதல் வேண்டும். மாலைதீவை எடுத்துக்கொள்வோம். எம் நாட்டாசிரியர் பலர் அங்குச் சென்று பணியாற்றியுள்ளனர். அந்நாட்டுப் பிள்ளைகளின் தாய்மொழி திவேகி. அதனைத் தானா என்னும் எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதுவர். எனினும், பாடசாலையிற் பெரும்பாலான பாடங்களை ஆங்கிலத்திலேயே கற்பர். ஆங்கிலம் தளரின் கணிதமும் விஞ்ஞானமும் உடன் தளரும். மக்கள் வாழும் தீவுகள் நெடுந்தூரம் பரந்து கிடத்தலின், தலைநகரை விட்டு அகன்ற சிறு தீவொன்றிற் பணிபுரியவும் நேரலாம்.

இவற்றை அறிந்தவர் ‘ஆங்கிலம் கற்பித்தேன்’ என்று ஒரு வரி எழுதி அமையார். எந்த வகுப்பிற்கு, எத்தனை பிள்ளைகளுக்கு, எத்தனை ஆண்டு கற்பித்தார் என்பதையும், வாசிப்பையோ எழுத்தையோ பேச்சையோ எதனைச் சிறப்பாகக் கற்பித்தார் என்பதையும் குறிப்பார். தேசிய கல்வியியற் கல்லூரியில் மூன்றாண்டு பயின்றவர், அதன் ஈற்றாண்டு பாடசாலையிற் கழித்த கட்டுறு பயில்வு என்பதை வெளிப்பட எழுதவேண்டும். பிறநாட்டார்க்கு அது தாமாக விளங்காது. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ‘செல்ற்றா’ச் சான்றிதழ் பெற்றவர் 120 மணிநேரப் பயிற்சியை மட்டும் கூறி நில்லாது, அதில் ஆறு மணிநேரம் மாணவர் முன் நின்று கற்பித்ததையும் சேர்த்துரைத்தல் நன்று. ‘கடின உழைப்பாளி’, ‘தலைமைப் பண்புடையவர்’ என்னும் அடைமொழிகளை எவரும் எழுதலாம். எண்ணையும் ஆண்டையும் இடத்தையும் உழைத்தவரே எழுதமுடியும்.

இரண்டாம் மொழியாகக் கற்றமை

எம்மவர் பலர் மறைக்க முயல்வது, தாம் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற செய்தியையே. அது நாணத்தக்கதன்று. தமிழிற் பகர எழுத்தொன்றே இரு ஒலிகளுக்கும் நிற்பதால், ஆங்கிலத்தில் அவ்வொலிகளுக்குரிய ஈரெழுத்துக்களை எம் பிள்ளைகள் மயங்கி எழுதுவர். பெயர்க்கு முன் சிறு சுட்டுச்சொல்லை வைக்கும் ஆங்கில வழக்கு எம் மொழியில் இன்மையால், அதனை விட்டுவிடுவர். இவ்விடர்களைத் தாமே கடந்து வந்த ஆசிரியர், வேறொரு தாய்மொழிப் பிள்ளை எங்கே இடறும் என்பதை முன்னரே நோக்கக் கற்றவராவர். அதனைக் கோவையில் ஒரு வரியாக எழுதி, மொழித் தேர்ச்சிக்குப் பரீட்சைப் பெறுபேற்றைச் சான்றாக வைத்தல் வேண்டும்.

விடுபட்ட ஆண்டுகள்

எம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர் மாலைதீவுக்கு அனுப்ப எழுதிய கோவையைக் கொணர்ந்தார். எல்லாம் செம்மையாக இருந்தன. 2009 ஆம் ஆண்டும் அதனை அடுத்த ஆண்டும் மட்டும் காணப்படவில்லை. வினவியபோது தலை குனிந்தார். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து முகாமிலிருந்த காலம் அது. ‘அங்கு என் செய்தாய்?’ என்றோம். ‘சின்னப் பிள்ளைகளை இருத்தி, மண்ணில் எழுதி ஆங்கில எழுத்துப் படிப்பித்தேன், சேர். அதற்குச் சான்றிதழ் இல்லையே’ என்றார்.

அவரது ஆசிரியத் தொழில் தொடங்கியது அம்மண்ணிலன்றோ! துயரைப் பெருக்கி இரக்கம் வேண்டவும் வேண்டாம்; மறைத்து ஐயத்திற்கு இடங்கொடுக்கவும் வேண்டாம் என்று கூறி, ‘இடம்பெயர்வினாற் கல்வி தடைப்பட்டது; முகாமிற் சிறுவர்க்கு ஊதியமின்றி ஆங்கிலம் கற்பித்தேன்’ என இரண்டே வரியில் எழுதச் செய்தோம். நேர்முகத்தில் அவ்வரிகளைப் பற்றியே நெடுநேரம் வினவினராம். இன்று அவர் கடல் சூழ்ந்த சிறு தீவொன்றிற் கற்பிக்கின்றார்.

இடப்பெயர்விற் சான்றிதழை இழந்தோரும் மனந்தளர வேண்டியதில்லை. பரீட்சைத் திணைக்களத்திற்கு விண்ணப்பித்துப் பெறுபேற்றுச் சான்றிதழை மீளப் பெறலாம்.

எம்முடைய குறை

நற்சான்றுப் பத்திரம் எழுதுவதில் யாமும் பிழைசெய்தோம். ‘நல்லொழுக்கமும் விடாமுயற்சியும் உடையவர்’ என்னும் ஒரே வாசகத்தைப் பெயரை மட்டும் மாற்றிப் பலருக்கும் வழங்கிவந்தோம். ஒருமுறை இரு மாணவர் ஒரே பாடசாலைக்கு விண்ணப்பித்தனர். அங்குள்ளோர் இரு பத்திரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்து, இரண்டையும் பொருட்படுத்தாது விட்டனர் எனப் பின்னர் அறிந்து வருந்தினோம். எமது சோம்பலுக்கு அவ்விளைஞர் விலை கொடுத்தனர். அன்றுமுதல், மாணவர் செய்ததாக யாம் கண்ணாற் கண்ட செயலொன்றேனும் இன்றிப் பத்திரம் எழுதுவதில்லை. வேண்டி வருவோரும் தம் கோவையை ஒரு கிழமைக்கு முன்னரே ஆசிரியரிடம் கொடுத்தல் நன்று.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

பிரித்தானியாவிற் கோவை இரண்டு பக்கத்துள் அமைவது வழக்கம். அண்மைத் தொழில் முதலில் வரும். புகைப்படம், வயது, மணநிலை என்பன இடம்பெறா. யப்பானின் ‘ரிரேக்கிசோ’ என்னும் படிவத்திலோ, நான்கு சென்ரிமீற்றர் உயரமும் மூன்று சென்ரிமீற்றர் அகலமுமுடைய புகைப்படம் ஒட்டப்படும். கல்வியும் தொழிலும் பழையதிலிருந்து புதியதாக வரிசைப்படும். ஆதலின், ஒரு கோவையை எல்லா நாட்டிற்கும் அனுப்புதல் தகாது.

கோவையால் மாற்றமுடியாத விதிகளும் உள. தென்கொரியா ஆங்கிலங் கற்பிப்போர்க்குரிய விசாவைப் பெரும்பாலும் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்னும் ஏழு நாட்டவர்க்கே வழங்குகின்றது. இதனை அறியாது முகவரிடம் பணத்தை இழத்தல் கூடாது. 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முகவரின் அனுமதிப்பத்திரத்தை விசாரித்தறிக. சான்றிதழ்களை வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தி, கோவையிலுள்ள திகதிகளோடு ஒப்புநோக்கிக் கொள்க. ஒரு திகதி பிறழினும் ஏனையவும் ஐயத்திற்குள்ளாகும்.

முடிவாக ஒன்று. சிறு பொய்யொன்றைக் கோவையிற் சேர்ப்பவர், அதனைத் தம்மோடு கப்பலேற்றிச் செல்கின்றார். கற்பிக்கும் நாளெல்லாம் அதற்கு அஞ்சியே வாழ்தல் வேண்டும். மெய்யை மட்டும் கோத்தவர்க்கு அச்சுமை இல்லை. எம் கல்லூரிப் பிள்ளைகள் எத்தீவில், எந்நாட்டிற் கரும்பலகை முன் நிற்பினும், தாம் எழுதிக்கொடுத்தவாறே இருப்பவர் என்னும் பெயர் பெறுவாராக.