ஆலோசனையிலிருந்து நிதிக்கு: ஒரு வகுப்பறை அனுபவம்

கூடங்குளத்தில் மேல்நிலை மாணவர்களுக்குக் கணக்குப்பதிவியல் நடத்துகிறேன். சென்ற பொங்கல் விடுமுறையில் பழைய மாணவி ஒருத்தி பார்க்க வந்தாள். அம்மா பீடி சுற்றிய காசில் படித்தவள். சென்னையில் வணிக ஆலோசனை நிறுவனம் ஒன்றில் சேர்ந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. "டீச்சர், நிதித்துறைக்கு மாறலாம்னு இருக்கேன்" என்றாள். "கிடைச்ச வேலையை விடாதம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு வேலைக்கும் என்ன வேறுபாடு, ஏன் மாற நினைக்கிறாய் என்று நான் கேட்கவே இல்லை.

அந்த உறுத்தலில்தான், விகிதப் பகுப்பாய்வு முடித்த கையோடு, ஒரு வகுப்பை இதற்கென்றே ஒதுக்கினேன். சன்னலுக்கு வெளியே தெரிகிற காற்றாலையையே எடுத்துக்கொண்டோம். உரிமையாளர் இரண்டு குழுக்களிடம் வருகிறார். மின் உற்பத்தி ஏன் குறைகிறது, என்ன செய்யலாம் என்று முதல் குழு சொல்ல வேண்டும். இது ஆலோசகர் வேலை. இன்னொரு காற்றாலைக்குக் கடன் வாங்கலாமா, போட்ட பணம் எப்போது திரும்பும் என்று இரண்டாம் குழு சொல்ல வேண்டும். இது நிதியாளர் வேலை.

முதல் குழு ஐந்தே நிமிடத்தில் யோசனைகளைக் கொட்டியது. இரண்டாம் குழு திணறியது. 8% வட்டியில், மூன்று ஆண்டு கழித்து வரும் ஒரு லட்சத்தின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ ரூ.79,383 என்று கரும்பலகையில் போட்டேன். "அப்போ லட்சம் லட்சம் இல்லையா டீச்சர்?" என்றான் ஒருவன். பின்வரிசை மாணவி சட்டென்று, "எங்கம்மா ஏலச்சீட்டுல முதல்லயே எடுத்தா தள்ளுபடி போகும்லா, அது மாதிரிதானே?" என்றாள். நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

பிறகு இந்திரா நூயி பற்றிச் சொன்னேன். சென்னையில் பிறந்தவர், சென்னை கிறித்தவக் கல்லூரியில் அறிவியல் பட்டம் பெற்றவர். 1980-இல் யேல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில் ஆலோசகரானார். அங்கிருந்து நேராக நிதிக்குப் போய்விடவில்லை. மோட்டோரோலா போன்ற நிறுவனங்களில் உத்தி வகுக்கும் பணி, 1994-இல் பெப்சிகோ, அதன் பிறகே நிதித் தலைமைப் பொறுப்பு. 2006-இல் தலைமைச் செயல் அலுவலர்.

நம் பிள்ளைகளுக்கு யேல் தொலைவுதான். ஆனால் வேறு வாசல்களும் உண்டு. வணிகவியல் பட்டதாரி 55% மதிப்பெண் பெற்றிருந்தால், பட்டயக் கணக்காளர் படிப்பின் இடைநிலைக்கு நேரடியாகப் பதியலாம். மற்ற பட்டதாரிகளுக்கு 60% வேண்டும். வேலையில் இருந்துகொண்டே எழுத, செபி தொடங்கிய தேசியப் பங்குச்சந்தை நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.எம்.) சான்றிதழ்த் தேர்வுகள் இருக்கின்றன. ஆலோசனையில் பழகிய கேள்வி கேட்கும் திறனும், அறிக்கை எழுதும் திறனும் வீண்போகாது. இருப்புநிலைக் குறிப்பைச் சரளமாக வாசிக்கத்தான் புதிதாகப் பழக வேண்டும்.

அன்று மாலையே அவளை அழைத்தேன். "அங்க என்னம்மா பிடிக்கலை?"

"அறிக்கையைக் கொடுத்துட்டு வந்துருவோம் டீச்சர். நாங்க சொன்னது பலிச்சுதா இல்லையான்னு கடைசிவரை தெரியாது. போட்ட பணத்துக்குப் பதில் சொல்ற இடத்துல இருக்கணும்னு தோணுது."

வேலையை விடாமலே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாளாம். வைக்கும் முன் கேட்டாள்: "பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்துல விகிதப் பகுப்பாய்வு எத்தனாவது அலகு டீச்சர்?"

ஒன்பது என்றேன். எட்டையும் சேர்த்துப் படிக்கச் சொன்னேன்.