கலயத்துச் சுண்ணாம்பு செய்யும் வேலை
பதநீரில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி ஒரு பாடம்

சாத்தான்குளம், உடன்குடி, குதிரைமொழி வட்டாரத்துத் தேரி மணலில் மற்றப் பயிர்கள் தண்ணீருக்குத் தவிக்கும்போதும் பனை நின்று பலன் தருகிறது. பாளை வெளிவரும் பருவத்தில் பல குடும்பங்களுக்குப் பதநீரும் கருப்பட்டியுமே வருமானம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. பெயர் கிடைத்த பிறகு தரத்தைக் காப்பது முன்னைவிட முக்கியமாகிறது.

ஆனால் ஒரே தோப்பில், ஒரே நாளில் இறக்கிய பதநீரைக் காய்ச்சினாலும், ஒரு நாள் கருப்பட்டி கல்லைப்போல் இறுகுகிறது. மறுநாள் சிரட்டையில் ஊற்றியது ஆறியும் இறுகாமல் பிசுபிசுக்கிறது. சில நாட்களில் கசியவும் தொடங்குகிறது. இதற்குப் பக்குவம் தவறியதே காரணம் என்று நினைப்பவர் உண்டு. சில சமயம் அது உண்மைதான். ஆனால் பல சமயங்களில் தவறு நடப்பது அடுப்பில் அல்ல. மரத்தின் மேல், கலயத்துக்குள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே அதற்குக் காரணம். அவற்றின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் இழப்பைக் குறைக்கலாம். வீட்டில் மேல்நிலை வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் இதைப் படிக்கலாம். பாடப் புத்தகத்தில் உள்ள செல், நொதி, சவ்வூடு பரவல் ஆகிய மூன்றும் நம் விடிலியிலேயே நடக்கின்றன.

பதநீர் எப்படி உண்டாகிறது?

பனை ஓலையில் உள்ள பச்சையம் வெயிலின் உதவியால் சர்க்கரை தயாரிக்கிறது. இந்தச் சர்க்கரை மெல்லிய குழாய் போன்ற செல்கள் வழியாகப் பாளைக்கு வருகிறது. பாளையை இடுக்கிச் சீவும்போது அக்குழாய்கள் வெட்டுப்பட்டு, பூவுக்கும் காய்க்கும் போக வேண்டிய சாறு கலயத்தில் சொட்டுகிறது. வெட்டுவாய் விரைவில் அடைபட்டுவிடும். அதனால்தான் காலையும் மாலையும் சீவ வேண்டியுள்ளது.

நல்ல பதநீரில் 100 பங்குக்கு ஏறத்தாழ 10 முதல் 14 பங்கு சர்க்கரை உண்டு. இதில் பெரும்பகுதி கரும்பில் உள்ள அதே சுக்ரோஸ் சர்க்கரை. குளுக்கோஸ், பிரக்டோஸ் என்ற இரு சிறு சர்க்கரைகள் ஜோடியாகச் சேர்ந்ததே சுக்ரோஸ். ஜோடி பிரியாதவரை கருப்பட்டி இறுகும். ஜோடி பிரிந்துவிட்டால் இறுகாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

கலயத்தில் குடியேறுவோர்

நலமான பாளைக்குள் ஓடும் சாற்றில் நுண்ணுயிர் கிடையாது. சாறு வெளியே வந்த நொடியிலிருந்துதான் அவை வந்து சேர்கின்றன. அரிவாள், பாளையின் வெட்டுவாய், காற்றில் வரும் தூசி, முந்திய நாளின் கலயம் ஆகியவை வழியாக வருகின்றன. தேனீ, குளவி, ஈ, எறும்பு மூலமும் வருகின்றன. குளவியின் குடலில் ஈஸ்ட் மாதக் கணக்கில் உயிரோடு தங்கியிருப்பதை இத்தாலி நாட்டு ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டு கண்டறிந்தனர்.

சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் ஒரே ஓர் இனம் மட்டும் வளர்வதில்லை. அது ஒரு சிறு காடு. முதலில் லியூகோனோஸ்டாக், லாக்டோபேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பை உண்டாக்குகின்றன. லியூகோனோஸ்டாக் நமக்குப் புதியதல்ல. இட்லி மாவு புளித்துப் பொங்க முக்கிய காரணம் அதுவே. ஆனால் பதநீரில் அது சுக்ரோஸைக் கொண்டு கொழகொழப்பான பசையை உண்டாக்குகிறது. சில நாள் பதநீர் நூல் விடுவது இதனால்தான். ஈஸ்டும் சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுகின்றன. மெக்சிகோ நாட்டில் கற்றாழையைப் போன்ற ஒரு செடியின் சாற்றிலிருந்து இறக்கும் புல்கே என்ற பானத்திலும் இந்த சைமோமோனாஸ் இருக்கிறது. கடைசியாக அசிட்டோபேக்டர் என்ற பாக்டீரியா சாராயச் சத்தைக் காடியாக மாற்றுகிறது. ஒன்று விட்ட கழிவு மற்றொன்றுக்கு உணவு. பல்லுயிர்ப் பெருக்கம் காட்டில் மட்டுமல்ல, ஒரு கலயத்துக்குள்ளும் உண்டு.

ஈஸ்ட் என்ற ஓர் உயிரணு

ஈஸ்ட் ஒரே ஒரு செல்லால் ஆன பூஞ்சை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஈஸ்டுகளை வரிசையாக வைக்கலாம். உறுதியான வெளிச்சுவர், அதனுள் மெல்லிய சவ்வு, உள்ளே உட்கரு என அதன் அமைப்பு இருக்கும். தாய்ச் செல்லின் பக்கத்தில் ஒரு மொட்டு முளைத்துப் பெரிதாகிப் பிரியும். வசதியான சூழ்நிலையில் இரண்டு மணி நேரத்துக்குள் ஒன்று இரண்டாகிவிடும். பாக்டீரியா இதைவிட வேகமானது. அரை மணிக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும் ஒரு பாக்டீரியா, தடையின்றிப் பெருகினால் மாலை 6 மணி முதல் காலை 6 மணிக்குள் ஒன்றேகால் கோடியையும் தாண்டி 1 கோடியே 67 லட்சம் ஆகிவிடும். கழுவாத கலயத்தில் ஒட்டியுள்ள சிறு கசடு எவ்வளவு பெரிய விதை என்பது இதிலிருந்து விளங்கும்.

ஈஸ்டை முதன்முதல் உருப்பெருக்கியில் 1680ஆம் ஆண்டு பார்த்தவர் ஹாலந்து நாட்டு லீவன்ஹூக். சர்க்கரை சாராயமாவதற்கு உயிருள்ள ஈஸ்டே காரணம் என்று 1860ஆம் ஆண்டளவில் பிரான்ஸ் நாட்டு லூயி பாஸ்டர் நிறுவினார். 1897ஆம் ஆண்டு ஜெர்மானியர் எட்வர்ட் புக்னர் ஈஸ்டை மணலுடன் அரைத்துப் பிழிந்தார். உயிருள்ள செல் எதுவும் இல்லாத அந்தச் சாறும் சர்க்கரையைப் புளிக்கவைத்தது. செல் தயாரிக்கும் நொதிகளே வேலையைச் செய்கின்றன என்பது அப்போது தெரிந்தது. இதற்காக 1907ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கருப்பட்டி காய்ச்சுவோருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஈஸ்ட், இன்வர்டேஸ் என்ற நொதியைத் தன் சவ்வுக்கு வெளியே அனுப்பி, சுக்ரோஸ் ஜோடியை வெளியிலேயே பிரிக்கிறது. பிரிந்த பிறகே சிறு சர்க்கரைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே பதநீர் கள்ளாக மாறுவதற்கு முன்பே, நாக்குக்குப் புளிப்போ மூக்குக்கு வாடையோ தெரியும் முன்பே, ஜோடி பிரியத் தொடங்கிவிடுகிறது. இனிப்பு குறைந்ததாகவும் தெரியாது. ஆனால் அந்தப் பதநீர் கருப்பட்டிக்கு ஏற்றதல்ல.

இழப்பு இரண்டு வகை

12 சதவிகிதச் சர்க்கரை உள்ள 10 லிட்டர் பதநீரில் ஏறத்தாழ 1,200 கிராம் சர்க்கரை இருக்கும். இதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 200 கிராம், புளித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதில் பாதி கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். மற்றப் பாதி சாராயச் சத்தாகி, காய்ச்சும்போது ஆவியாகிவிடும். விறகு செலவானதுதான் மிச்சம். இது எடையில் ஏற்படும் இழப்பு.

இரண்டாவது, தரத்தில் ஏற்படும் இழப்பு. பிரிந்த சிறு சர்க்கரைகள், முக்கியமாக பிரக்டோஸ், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அவை மிகுந்த கருப்பட்டி இறுகாது, கசியும், மழைக்காலம்வரை தாங்காது. பனங்கற்கண்டு போடுவோருக்கு இன்னும் கஷ்டம். படிகம் கட்டாமல் பாகாகவே நின்றுவிடும்.

சுண்ணாம்பு செய்யும் மூன்று வேலைகள்

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ளது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவதே பதநீர். ஆகவே சுண்ணாம்பு சட்டத்துக்காகத் தடவுவது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது நம் சர்க்கரைக்குக் காவல். அது மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, ஈஸ்டும் மேலே சொன்ன பாக்டீரியாக்களும் காரத் தன்மையில் செழிப்பதில்லை. சுண்ணாம்பின் கடும் காரம் அவற்றின் சவ்வைத் தாக்கி வளர்ச்சியை நிறுத்துகிறது.

இரண்டாவது, இன்வர்டேஸ் நொதி இலேசான புளிப்பில்தான் நன்றாக வேலை செய்யும். காரத்தில் அது முடங்கிவிடும்.

மூன்றாவது, புளிப்பான பதநீரைச் சூடேற்றினால் நுண்ணுயிர் இல்லாமலே அந்தப் புளிப்பும் சூடும் சேர்ந்து சுக்ரோஸைப் பிரித்துவிடும். சுண்ணாம்பு புளிப்பை முறித்து அடுப்பின் மேலும் சர்க்கரையைக் காக்கிறது.

ஆனால் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிவிடும் பொருள். நுண்ணுயிர்கள் விடும் புளிப்பும் கரியமில வாயுவும் அதைத் தின்றுகொண்டே இருக்கும். குறைவாகத் தடவிய கலயம் நள்ளிரவுவரை காவல் காத்து, விடியும்முன் கைவிட்டுவிடும். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுட்டு நீற்றிய சுண்ணாம்பு திறந்து கிடந்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மறுபடி பழைய கிளிஞ்சல் பொருளாகவே மாறிவிடும். பார்க்க வெள்ளையாக இருக்கும், வீரியம் இருக்காது. எனவே புதிதாக நீற்றியதை மூடிவைத்துப் பயன்படுத்த வேண்டும்.

மஞ்சள் தாள் சோதனை

கலயத்தில் சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே அறியலாம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி சிவப்பது எல்லோரும் அறிந்ததே. அதே தத்துவம்தான் இது.

மஞ்சள் தூளைச் சிறிது வெந்நீரில் குழைத்து, வெள்ளைத் தாளில் பூசி, நிழலில் உலர்த்தி, சிறு துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொள்ளவும். இறக்கிய பதநீரில் ஒரு சொட்டை அதில் விடவும். செம்பழுப்பாக மாறினால் சுண்ணாம்பு இன்னும் காவல் காக்கிறது. மஞ்சளாகவே இருந்தால் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. சோப்பும் சாம்பலும் கூடத் தாளைச் சிவக்கவைக்கும். ஆதலால் கையை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுச் சோதிக்க வேண்டும்.

ஒவ்வொரு கலயத்தையும் தனித்தனியே சோதிப்பது அவசியம். மஞ்சளாக நின்ற ஒரு கலயத்தை மற்றப் பதநீருடன் ஊற்றினால் அதன் புளிப்பும் நொதியும் நுண்ணுயிர்களும் எல்லாவற்றிலும் கலந்துவிடும். அதன்பிறகு கூடுதலாகச் சுண்ணாம்பு போட்டுச் சரிக்கட்டவும் முடியாது. பிரிந்த ஜோடியைச் சுண்ணாம்பு சேர்த்துவைக்காது. காரத்தில் கொதிக்கும்போது பிரிந்த சர்க்கரை சிதைந்து கருப்பட்டி கறுத்துப்போகும். ஆகவே அந்தக் கலயத்தைக் காய்ச்சுவதில் சேர்க்காமல் எருக்குழிக்கு அனுப்புவதே லாபம்.

கவனிக்க வேண்டியவை

1. மண் கலயத்தின் நுண்துளைகளில் நுண்ணுயிர் தங்கும். தினமும் கசடு போகத் தேய்த்து வெந்நீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்து நன்றாகக் காயவைக்க வேண்டும். பழைய பூச்சின் மேலேயே புதுச் சுண்ணாம்பைத் தடவுவது கூடாது.

2. சுண்ணாம்பைக் கலயத்தின் உட்புறம் முழுவதும் படும்படி சீராகத் தடவ வேண்டும். வெப்பம் மிகுந்த நாட்களில் நுண்ணுயிர் வேகமாகப் பெருகும். அப்போது மஞ்சள் தாளைப் பார்த்து அளவைச் சற்றுக் கூட்டலாம்.

3. அளவுக்கு மிஞ்சினாலும் கேடுதான். கருப்பட்டி கறுக்கும், காரச் சுவை தட்டும். பதநீரைத் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, அடியில் தங்கிய சுண்ணாம்பை நீக்கிவிட்டுக் காய்ச்ச வேண்டும்.

4. சுண்ணாம்பைத் தெளியவைக்க உரக்கடை சூப்பர் பாஸ்பேட்டைப் போடக் கூடாது. அதில் உணவுக்கு ஆகாத பொருள்கள் கலந்திருக்கும்.

5. இறக்கியதும் தாமதமின்றி அடுப்பேற்ற வேண்டும். கொதி வந்துவிட்டால் ஈஸ்டும் அதன் நொதியும் அழிந்துவிடும்.

6. மரத்தின் மேல் சுண்ணாம்பைக் கையாளும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும். பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கருப்பட்டி ஏன் கெடுவதில்லை?

பதநீர் சில மணி நேரத்தில் கெடுகிறது. அதிலிருந்து வந்த கருப்பட்டியோ பல மாதம் இருக்கிறது. சர்க்கரை அதிகம் இருந்தும் நுண்ணுயிர் ஏன் தின்பதில்லை? இதற்குச் செல்லின் சவ்வே காரணம். சவ்வு தண்ணீரைத் தாராளமாக விடும். வெளியே சர்க்கரை மிகமிக அடர்த்தியாக இருந்தால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே இழுக்கப்படும். செல் சுருங்கி முடங்கிவிடும். நம் கடற்கரையில் மீனை உப்பிட்டுக் கருவாடாக்குவதும் இதே முறைதான். அங்கே உப்பு செய்வதை இங்கே சர்க்கரை செய்கிறது. ஆனால் கருப்பட்டி ஈரத்தை இழுத்துவிட்டால் மேற்பரப்பில் சர்க்கரை நீர்த்துப்போய், ஈஸ்டும் பூஞ்சையும் மறுபடி தலைகாட்டும். ஆகவே நன்றாக ஆறிய பிறகே அடுக்கி, ஈரம் தாக்காத இடத்தில் வைக்க வேண்டும்.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 லிட்டர் பதநீர் வேண்டும். அத்தனையும் உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறி இறக்கியது. ஒரு துண்டு மஞ்சள் தாளும், சுத்தமான கலயமும், வீரியமுள்ள சுண்ணாம்பும் அந்த உழைப்பைக் காப்பாற்றும். மேலும் விவரம் வேண்டுவோர் வல்லநாடு அருகே கிள்ளிகுளத்தில் உள்ள வேளாண்மைக் கல்லூரியை அணுகலாம். வரும் பருவத்தில் பனை விவசாயிகள் முதல் கலயம் கட்டும் நாளிலிருந்தே இச்சோதனையைச் செய்துபார்த்துப் பயன்பெற வேண்டும்.