அடுப்படியில் தொடங்கு, கண்ணு

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எல்லாச் சமயத்தாரையும் சேர்த்து ஊர்ப்பணி செய்யப் போகிறேன் என்றாய். சந்தோஷம். கிழவன் சொல்வதையும் காதில் போட்டுக்கொள்.

1. ஒற்றுமை பற்றிக் கூட்டம் போடாதே, வேலையைக் கொடு. 2017 நவம்பர் 4 இரவு மழையில் பினாங்கே மூழ்கியது. ஏழு உயிர் போயிற்று. மறுநாள் சேறு அள்ளியவர்கள் துடைப்பம் எங்கே என்றுதான் கேட்டார்கள், சாமி எது என்று கேட்கவில்லை. ஆனால் அந்த நெருக்கம் சேற்றுக்கு முன்னால் காய்ந்துவிடும். வெள்ளம் வராத மாதத்திலும் ஒரு கோத்தோங் ரோயோங், அதாவது ஊர் கூடிச் செய்யும் வேலை, வை.

2. சாப்பாட்டில் கவனம். பன்றி இல்லாவிட்டால் ஹலால் என்று நம்பும் நல்லவர்கள் உண்டு. அறுத்த முறையும் சமைத்த சட்டியும் அதில் சேர்த்தி. மாட்டிறைச்சியை நம் இந்துக்கள் பலர் மட்டுமல்ல, குவான் யின்னைக் கும்பிடும் சீனர் பலரும் தொடமாட்டார்கள். சைவம் கடைப்பிடிக்கும் பௌத்தர் சிலருக்கு வெங்காயம், பூண்டுகூட ஆகாது. ஒருமுறை பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி நாங்கள் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை அவரையே சமையலுக்குக் கூப்பிட்டோம். அப்புறம் எதுவும் திரும்பி வரவில்லை. தெரியாவிட்டால் கேள், கேட்டால் யாரும் கோபிப்பதில்லை.

3. வெள்ளி மதியமும் ஞாயிறு காலையும் வேலை வைக்காதே. நோன்பு மாதத்தில் மாலையை விட்டுவிடு. முன்னோரை வணங்கும் செங் பெங் சமயத்தில் சீனக் குடும்பங்கள் கல்லறைக்குப் போயிருக்கும்.

4. உதவியோடு பிரசாரத்தைக் கலக்காதே. 2021 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டில், அரிசி தீர்ந்த வீடுகள் உதவி கேட்டு வெள்ளைத் துணி கட்டின. படம் பிடித்தவர்களும் வந்தார்கள், மூட்டையை வாசலில் வைத்துவிட்டுப் போனவர்களும் வந்தார்கள். நீ இரண்டாவது கூட்டத்தில் இரு.

5. நம் கெக் லோக் சி பௌத்தக் கோயிலின் கோபுரம் 1930இல் முடிந்தது. அடி சீனம், நடு சயாம், உச்சி பர்மா. ஒற்றுமைக்கு உதாரணம் காட்ட, மேடையில் பேசுகிறவர்களுக்கு அது போதும். கல்லுக்குக் கோபம் வராது, உன் குழுவுக்கு வரும். வந்த அன்றே கோபித்தவர் வீட்டுக்குப் போ, கொடுத்த தேநீரைக் குடி, பிறகு பேசு.

6. பணப்பெட்டிச் சாவி ஒரு சமயத்தார் கையில், கணக்குப் புத்தகம் இன்னொரு சமயத்தார் கையில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை எல்லார் முன்னாலும் வாசி, ஐந்து ரிங்கிட் வித்தியாசம் இருந்தாலும் சொல்லிவிடு.