ஹவாயில் விருந்துக்கு டிக்கெட் எடுக்கும் முன்

அமெரிக்காவில் படிக்கும் நம் பிள்ளைகள், பட்டமளிப்புக்கு வந்த அப்பா அம்மாவை அப்படியே ஹவாய்க்கும் கூட்டிப்போகிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஓவாஹு தீவில் இறங்கி, பொலினீசியப் பண்பாட்டு மையத்துக்கு டிக்கெட் எடுக்கும் நேரத்தில்தான் சொதப்புகிறார்கள். நண்பன் போட்ட ரீல்ஸைப் பார்த்தோ, "இவ்வளவு தூரம் வந்துட்டு எதையும் விடக் கூடாதுடா" என்று அப்பா சொன்னதற்காகவோ, இருப்பதிலேயே விலை கூடிய பேக்கேஜை வாங்கிவிடுகிறார்கள்.

ஹொனலூலுவின் வைக்கிக்கிப் பகுதி ஹோட்டல்களில் நடக்கும் விருந்துகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரை, அந்தி, ஆட்டம், சாப்பாடு. களைத்துப்போனவர்களுக்கு அது போதும். கையில் காசு குறைவென்றால் அங்கேயே கூஹியோ கடற்கரையில் இலவசமாக ஹுலா நடனம் ஆடும் மாலைகள் உண்டு. பொருள்களைப் பார்த்துப் படிக்கப் பிடிக்கும் என்றால் 1889இல் தொடங்கிய பிஷப் அருங்காட்சியகம் ஹொனலூலுவிலேயே இருக்கிறது.

சிக்கல் அந்த 'எல்லாம் அடக்கம்' பேக்கேஜில்தான். மையம் இருப்பது லாயியே என்ற ஊரில். வைக்கிக்கியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். சாமோவா, டோங்கா, டஹிட்டி, ஃபிஜி, ஹவாய், நியூசிலாந்தின் மாவோரிகள் என்று ஆறு மாதிரிக் கிராமங்கள் 42 ஏக்கரில் பரந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் நிகழ்ச்சிக்கு நேரம் குறித்திருப்பார்கள். திறப்பதே மதிய வாக்கில். பஸ் வந்து சேர்ந்து, வரிசையில் நின்று, கைப்பட்டை மாட்டி, இரண்டு கிராமம் பார்ப்பதற்குள் 'விருந்துக்கு வாங்க' என்று கூப்பிட்டுவிடுவார்கள். வெளிச்சம் இருக்கும் அருமையான நேரம் தட்டோடு வரிசையில் நிற்பதில் போய்விடுகிறது.

அந்த விருந்தின் நாயகன் பன்றி. இமு என்னும் மண்குழி அடுப்பில் கல்லைப் பழுக்கக் காய்ச்சி, இலை போட்டு மூடி, மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். சைவம் சாப்பிடும் அம்மாவை அங்கே உட்காரவைத்துவிட்டு, அவர் சோறும் பழமுமாக முடித்துக்கொள்வதைப் பார்க்க அத்தனை டாலரா? சேப்பங்கிழங்கு இனமான டாரோவை வேகவைத்து இடித்த 'போய்' என்ற ஊதாக் களி கிடைக்கும். ஒரு வாய் வைத்துவிட்டு 'சப்பென்று இருக்கிறது' என்று தள்ளிவிடுகிறார்கள். உப்புக் கறியோடு தொட்டுச் சாப்பிட வேண்டியதை வெறும் வாயில் போட்டால் வேறெப்படி இருக்கும்? இன்னொன்று: மையத்தை நடத்துவது மோர்மன் திருச்சபை. மது கிடையாது, ஞாயிறு விடுமுறை. பீரோடு சூரியாஸ்தமனம் என்று கனவு காண்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், கிராமங்களும் இரவு நிகழ்ச்சியும் மட்டும் எடுங்கள். எனக்கு சாமோவாப் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு, மறைக்கவில்லை. நட்டுவைத்த கூர்க்கழியில் தேங்காயைக் குத்தி மட்டை உரிப்பார் அந்தக் கிராமத்து ஆள். கல்லால் ஒரே தட்டு, இரண்டு மூடி. பிறகு பலகையின்மேல் கால் போட்டு உட்கார்ந்து, நுனியில் உள்ள பல்லில் மூடியைச் சுழற்றித் துருவுவார். நம் பாட்டிமார் துருவுமனையில் உட்காரும் அதே வாகு. நாரில் போட்டுப் பிழிந்து பால் எடுப்பதுவரை பார்த்துவிட்டுத்தான் நான் நகர்வேன். 2009இல் தொடங்கிய 'ஹா' என்ற இரவு நிகழ்ச்சியில் சாமோவர்களின் நெருப்புக் கத்தி ஆட்டம் வரும். பின்வரிசையிலும் நன்றாகவே தெரியும்.

இங்கே ஆடுபவர்களிலும் வேலை செய்பவர்களிலும் பெரும்பகுதியினர், பக்கத்திலுள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். 1963இல் மையம் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு: இங்கே உழைத்து அங்கே படிப்பது. காலையில் கணக்கியல் வகுப்பு, மாலையில் இடுப்பில் புல்லாடை. அவர்களிடம் நின்று பேசிப்பாருங்கள். ஊரும் வீடும் பற்றிச் சொல்வார்கள். ஓடிக்கொண்டே இருந்தால் இது எதுவும் கிடைக்காது.

நமக்கு எதில் மனம் ஒட்டும் என்பது நமக்குத்தான் தெரியும். ஆட்டம் பிடித்தவன் கிழங்கு இடிப்பதைப் பார்த்துக் கொட்டாவி விடுவான். கைவேலை பிடித்தவனுக்கு மேடை வெளிச்சம் கண்ணைக் கூசும். அப்பா காசு கொடுத்தார் என்பதற்காக ஆறையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட மூன்றில் உட்காரலாம். ஹுலா ஆசிரியரிடம் வருடக்கணக்கில் பழகித்தான் ஒருவர் மேடை ஏறுகிறார். பார்க்கிற நமக்கு அரை மணி நேரப் பொறுமையாவது வேண்டாமா?

வாடகைக் கார் எடுத்தால் வசதி. காலையிலேயே கிளம்பி, லாயியேயைத் தாண்டிக் கஹுக்குவில் வண்டிக்கடை இறால் சாப்பிட்டுவிட்டு மையத்துக்குத் திரும்பலாம். சைவக்காரர்கள் கட்டுச்சோறு கொண்டுபோய்க் காரிலேயே முடித்துக்கொள்ளலாம். அந்தப் பக்கம் மழை அடிக்கடி எட்டிப்பார்க்கும், குடை வேண்டும். திறந்ததும் உள்ளே போய், நிகழ்ச்சி அட்டவணையில் வேண்டியதை வட்டமிட்டுக்கொள்ளுங்கள். இரவு திரும்பும் கமேஹமேஹா நெடுஞ்சாலை கடலோரமாக வளைந்து போகிற குறுகிய சாலை, இருட்டும் அதிகம். யார் ஓட்டுவது என்பதைக் கிளம்பும்போதே பேசிவையுங்கள்.